சிங்கப்பூரில் கட்டட ஆவணம் வளர்ந்த வரலாறு

கட்டடத்தைக் காண்போர் பலர். அதன் ஆவணத்தைக் காண்போர் மிகச் சிலர். கோபுரத்தின் உயரத்தையும் மண்டபத்தின் அகலத்தையும் வியந்து பேசுவோரும், அவற்றுக்கு முன்னே பிறந்து அவற்றோடு வாழ வேண்டிய வரைபடங்களையும் கணக்குத் தாள்களையும் நினைப்பதில்லை. ஒரு சுவர் எதனால் ஆனது, எவ்வளவு சுமை தாங்கும், அதனுள்ளே எந்தக் குழாய் ஓடுகிறது, அதை எழுப்ப யார் ஒப்புதல் தந்தார் என்னும் வினாக்களுக்குச் சுவர் விடை சொல்லாது. தாள்தான் சொல்ல வேண்டும். அத்தாள் இன்று கணினிக்குள் புகுந்து, கட்டடத் தகவல் மாதிரி என்றும் சுருக்கமாகப் ‘பிம்’ என்றும் வழங்குகிறது. இது திடீரென வந்த புதுமை அன்று. சிங்கப்பூரைப் பொறுத்தவரையில் இதன் பின்னே இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது; அவ்வரலாற்றின் முதற் பக்கத்திலேயே ஒரு தமிழர் நிற்கிறார்.

1819இல் ராஃபிள்சுடன் சிங்கப்பூருக்கு வந்த நாராயண பிள்ளை, தஞ்சோங் பகார்ப் பகுதியில் செங்கற்சூளை அமைத்தார். மரமும் அத்தாப்பும் அன்றி வேறறியாதிருந்த குடியிருப்பில் எழுந்த முதல் சூளை அது என்பர். கட்டடக் குத்தகையாளராகவும் விளங்கிய அவர், இந்துக்களுக்கென ஒரு கோயில் எழுப்ப முயன்றபோது முதலில் தெலுக் ஆயர் தெருவில் இடம் கிடைத்தது. வழிபாட்டுக்குரிய நன்னீர் அங்கில்லை. பின்னர் ஸ்டாம்ஃபோர்டு கால்வாயருகே ஓரிடம் அமைந்தது. ஆனால் ராஃபிள்ஸ் 1822இல் வகுத்த நகரத் திட்டம் அதற்கு இடந்தரவில்லை. 1823இல் தென்பாலச் சாலையில் மனை வழங்கப்பட்டு, 1827இல் மரத்தாலும் அத்தாப்பாலும் கோயில் எழுந்தது. இன்றைய ஸ்ரீ மாரியம்மன் கோயில் அதுவே.

அத்திட்டத்தை வரைந்தவர் லெஃப்டினன்ட் ஃபிலிப் ஜாக்சன் என்னும் அதிகாரி. 1828இல் அச்சேறிய அந்த வரைபடத்தில் தெருக்கள் யாவும் நூல் பிடித்தாற்போல நேராக ஓடுகின்றன. ஐரோப்பியர்க்கு ஒரு பகுதி, சீனர்க்கு ஒரு பகுதி, ஆற்றின் மேற்புறத்தே சூலியாக்களுக்கு ஒரு பகுதி எனக் குடிகள் வகுக்கப்பட்டுள்ளனர். உண்மையில் நகரம் அவ்வளவு ஒழுங்காக அமைந்திருக்கவில்லை. உள்ளதைக் காட்டும் படமன்று அது. ஆக வேண்டியதை ஆணையிட்ட படம். கட்டட ஆவணத்தின் இவ்விரண்டு பணிகளும், அதாவது உள்ளதை உரைத்தலும் ஆகவேண்டியதை விதித்தலும், தொடக்கத்திலிருந்தே ஒன்றோடொன்று பிணங்கி வந்துள்ளன. ஒரு கோயில் எங்கே எழலாம், எங்கே எழலாகாது என்பதை ஒரு தாள் முடிவு செய்த காலம் அன்றே தொடங்கிவிட்டது.

கையிலிருந்த கல்வி

தாள் ஆணையிட்டதே தவிர, கட்டும் கலை தாளில் இல்லை. அது தொழிலாளியின் கையில் இருந்தது. 1825 முதல் இந்தியாவிலிருந்து தண்டனைக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். சாலை அமைத்தல், செங்கல் சுடுதல், கல்லுடைத்தல், தச்சு, கொல்லு ஆகிய தொழில்களில் அவர்கள் ஈடுபடுத்தப்பட்டனர். 1856இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1861இல் முதல் வழிபாடு நிகழ்ந்த புனித ஆண்ட்ரூ பேராலயம் அவர்கள் உழைப்பால் எழுந்தது. ரொனால்டு மக்ஃபர்சன் அதற்கு வடிவம் தந்தார். கைதிகளை நடத்திப் பணியை முடிப்பித்தோருள் மக்னேர் முதன்மையானவர்.

அப்பேராலயத்தின் உட்சுவர்கள் பளிங்குபோல் மின்னுவதற்குக் காரணமான பூச்சு ‘மெட்ராஸ் சுண்ணம்’ எனப்பட்டது. சிப்பிச் சுண்ணாம்பில் மணல் கலவாது, முட்டை வெண்கருவையும் வெல்லத்தையும் அடித்துக் குழைத்துச் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை விட்டுப் பக்குவப்படுத்துவர். பூசியது காய்ந்தபின் வழுவழுப்பான கற்களால் தேய்த்து மெருகேற்றுவர். தமிழகத்துக் கொத்தர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைவழியே கற்ற வித்தை இது. இன்று அதன் செய்முறை தெரிவதற்குக் காரணம், மக்னேரும் பேலிஸும் 1899இல் வெளியிட்ட கைதிகள் வரலாற்று நூலில் அதனை எழுதி வைத்ததே. எழுதாதிருந்தால் சுவர் மட்டும் எஞ்சியிருக்கும். சுவரின் பொருள் மறைந்திருக்கும். எழுதியவர் பெயர் நிலைத்தது. வெல்லத்தையும் வெண்கருவையும் எந்த அளவில் கலப்பது என்று அறிந்திருந்தவன் பெயர் நிலைக்கவில்லை. ஆவணம் யாருக்குச் செவிசாய்க்கிறது என்னும் கேள்வி அங்கேயே எழுந்துவிட்டது எனலாம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகராண்மை ஆட்சி வலுப்பெற்றது. வீடு கட்ட விரும்புவோர் வரைபடம் அளித்து ஒப்புதல் பெற வேண்டும் என்னும் முறை வந்தது. 1884 முதலான அத்தகைய வரைபடங்கள் இன்றும் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. சிராங்கூன் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் நிற்கும் கடைவீடுகளைப் பழமை கெடாமல் புதுப்பிக்க முனைவோர்க்கு அவை பெருந்துணை. 1989இல் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டபின் அவற்றின் மதிப்பு மேலும் உயர்ந்தது.

அக்கால வரைபடங்களில் இன்னொரு நுட்பமும் உண்டு. பிரித்தானிய வரைவு மரபில் வண்ணம் வெறும் அழகுக்காகத் தீட்டப்படவில்லை. புதுச் செங்கற்சுவர் செந்நிறம், இரும்பு நீலம் என ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிறம் இருந்தது. கோடு வடிவத்தைச் சொன்னது. நிறம் பொருளைச் சொன்னது. பின்பு நீலப்படி வந்தது. ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த ஒளிப்பட முறை, 1870களிலிருந்து வரைபடங்களைப் படியெடுக்கப் பயன்பட்டது. பத்துப் படிகள் வேண்டுமெனில் பத்து முறை கையால் வரையும் தொல்லை ஒழிந்தது. ஆனால் நீலத் தாளில் வெண்கோடுகள் மட்டுமே விழுந்தன. செந்நிறமும் மஞ்சளும் மறைந்தன. பொருளைக் குறிக்கச் சாய்கோடுகளையும் புள்ளிகளையும் எழுத்துக் குறிப்புகளையும் புதிதாக ஏற்படுத்திக் கொண்டனர். வேகம் ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பறித்துக் கொண்டது. இழந்த அந்த நிறத்தைத் திரும்பப் பெற நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

சிராங்கூன் சாலைச் சரிவு

கட்டட ஆவணம் வெறும் அலுவலகத் தாளன்று, உயிரோடு தொடர்புடையது என்பதைச் சிங்கப்பூர் மக்கள் யாவரும் உணர்ந்த நாள் 1986 மார்ச் 15. அன்று சனிக்கிழமை. சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் முனையில் நின்ற ஆறு மாடிக் கட்டடம் முற்பகலில் ஒரு நிமிடத்திற்குள் இடிந்து வீழ்ந்தது. லியன் யாக் கட்டடம் என்பது அதன் பெயர். அதிலிருந்த நியூ வோர்ல்டு ஹோட்டலின் பெயராலேயே மக்கள் அதனை அறிந்திருந்தனர். கீழே வங்கிக் கிளை, அதற்கு மேல் இரவு விடுதி, அதற்கும் மேலே தங்கும் அறைகள், நிலத்தடியில் வாகன நிறுத்துமிடம். தமிழர்கள் நாள்தோறும் நடமாடும் சாலை அது. ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயில் அண்மையிலேயே உள்ளது. 33 பேர் மாண்டனர். 17 பேர் இடிபாடுகளுக்கு அடியிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டனர். பேரியந்திரங்களைக் கொண்டு கற்குவியலை அகற்றினால் உள்ளிருப்போர் நசுங்குவர் என்பதால், அக்காலத்தில் எம்ஆர்டி சுரங்கப் பணியில் ஈடுபட்டிருந்த வல்லுநர்கள் சிறு சுரங்கங்கள் தோண்டி உள்ளே புகுந்தனர்.

காரணம் பற்றிப் பலவாறு பேசினர். வாயு வெடித்திருக்கும் என்றனர், குண்டு என்றனர், அருகே நடைபெற்ற எம்ஆர்டி சுரங்கப் பணியால் நிலம் அசைந்திருக்கும் என்றனர். விசாரணைக் குழு இவை யாவற்றையும் ஆராய்ந்து தள்ளியது. உண்மைக் காரணம் 1971இல் முடிந்த அக்கட்டடத்தின் தாளிலேயே இருந்தது.

கட்டடம் இருவகைச் சுமைகளைத் தாங்க வேண்டும். உள்ளே வந்து போகும் மக்கள், மேசை, நாற்காலி முதலியவற்றின் எடை ஒன்று; இது கூடும், குறையும். தூண், உத்தரம், தளம், சுவர் ஆகிய கட்டடத்தின் சொந்த எடை மற்றொன்று. இது என்றும் மாறாது. பின்னதைப் பொறியாளர்கள் நிலைச்சுமை என்பர். நியூ வோர்ல்டு கட்டடத்தின் கட்டமைப்புக் கணக்கில் முன்னது இருந்தது. பின்னது அறவே சேர்க்கப்படவில்லை. தன்னையே தாங்கமாட்டாத கட்டடம் 15 ஆண்டுகள் நின்றதே வியப்பு. பின்னாளில் கூரைமேல் இயந்திரங்கள் வந்தன. வங்கிக்குப் பெட்டக அறை அமைந்தது. வெளிச்சுவர்களில் ஓடுகள் பதிக்கப்பட்டன. சுமை ஏற ஏறத் தூண்களில் வெடிப்புகள் தோன்றின. இக்கூடுதல் சுமைகள் இல்லாதிருந்தாலும் அக்கட்டடம் ஒருநாள் விழுந்தே தீரும் என்பதுதான் ஆய்வாளர்கள் கண்ட முடிவு. கட்டமைப்பு வரைபடத்தை உருவாக்கியவர் தகுதி பெற்ற பொறியாளர் அல்லர், ஒரு வரைவாளர்.

இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆவணம் இல்லாமல் அக்கட்டடம் எழவில்லை. தாள் இருந்தது, கோடுகள் இருந்தன, எண்களும் இருந்தன. பிழை அத்தாளின் மீதே 15 ஆண்டுகள் படுத்திருந்தது. அதைப் படித்துப் பார்த்து ‘இதன் சொந்த எடை எங்கே?’ என்று கேட்கும் இரண்டாவது கண்தான் இல்லை. மேலும், வரைபடத்தில் இரண்டு இணைகோடுகள் சுவரைக் குறிப்பன எனினும் அக்கோடுகளுக்கு எடை கிடையாது. படிப்பவன் மனத்தில் அது சுவராகித் தன் கனத்தைப் பெற வேண்டும். மனம் மறந்தால் கனமும் மறைந்தது.

1989இல் இயற்றப்பட்ட கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த இரண்டாவது கண்ணைக் கட்டாயமாக்கியது. வடிவமைத்த பொறியாளரோடு தொடர்பில்லாத, அங்கீகாரம் பெற்ற மற்றொரு பொறியாளர் கணக்குகளைத் தனியே சரிபார்க்க வேண்டும் என்றாயிற்று. எழுந்து நிற்கும் கட்டடங்களையும் குறித்த காலத்துக்கு ஒருமுறை, குடியிருப்பு எனின் 10 ஆண்டுக்கும் ஏனையவை எனின் 5 ஆண்டுக்கும் ஒருமுறை, பொறியாளர் பார்வையிட வேண்டும் என்னும் ஏற்பாடும் நிலைபெற்றது. கட்டி முடித்ததும் கட்டி வைத்துவிடும் தாளாக இருந்த ஆவணம், கட்டடத்தின் ஆயுள் முழுதும் தொடர்வதாயிற்று.

கோட்டிலிருந்து பொருளுக்கு

நியூ வோர்ல்டு கட்டடம் நின்றுகொண்டிருந்த அதே ஆண்டுகளில், உலகின் மறுகோடியில் ஓர் ஆய்வாளர் கோடுகளையே ஐயுற்றார். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சார்லஸ் ஈஸ்ட்மன், 1975இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கட்டட வடிவமைப்பில் வரைபடத்துக்கு மாற்றாகக் கணினியைப் பயன்படுத்தலாம் என்பது அதன் கருத்து. ஒரே சுவர் தளப்படத்திலும் முகப்புப் படத்திலும் குறுக்குவெட்டிலும் மும்முறை வரையப்படுகிறது. ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறந்தால் தாள்கள் தமக்குள்ளே முரண்படும். ஆதலின் சுவரை ஒருமுறை மட்டும் கணினியில் பதிந்து, வேண்டிய படங்களை அதிலிருந்து பெற வேண்டும் என்றார் அவர். 1992இல் வான் நெடர்வீன், டோல்மன் என்னும் டச்சு ஆய்வாளர் இருவர் ‘கட்டடத் தகவல் மாதிரி’ என்னும் தொடரைத் தம் கட்டுரையில் கையாண்டனர். பத்தாண்டு கழித்து அச்சொல் உலகெங்கும் பரவியது.

இம்மாதிரியில் சுவர் இரண்டு கோடுகளன்று, சுவராகவே பதியப்படுகிறது. அதன் நீளம், உயரம், பருமன், பொருள், தீயைத் தாங்கும் நேரம் ஆகியன அதனோடு இணைந்திருக்கும். பருமனும் பொருளும் தெரிந்தால் எடை தெரியும். நீலப்படி பறித்த செந்நிறம் இவ்வாறு மீண்டு வந்தது. பயன் இன்னொன்றும் உண்டு. குளிரூட்டிக் குழாய்க்காரர் ஒரு தாளிலும் கட்டமைப்புப் பொறியாளர் மற்றொரு தாளிலும் வரைந்தால், குழாய் உத்தரத்தைத் துளைத்துச் செல்வது தளத்தில்தான் தெரியவரும். பிறகு கட்டிய கான்கிரீட்டை உடைக்க வேண்டும். சிங்கப்பூர்த் தளங்களில் தமிழ்த் தொழிலாளர் ‘ஹேக்கிங்’ என்று அலுப்போடு சொல்லும் வேலை அது. எல்லாரும் ஒரே மாதிரியில் பணியாற்றினால் அம்முட்டலைக் கணினித் திரையிலேயே கண்டு களையலாம்.

சிங்கப்பூர் அரசு 1995இல் கோர்நெட் என்னும் திட்டத்தைத் தொடங்கி, வரைபடச் சுருள்களைச் சுமந்து அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் வழக்கத்தை மின்வழிக்கு மாற்ற முற்பட்டது. ஆயினும் மின்வழி சென்றதும் நெடுங்காலம் கோட்டுப் படமே.

அதற்கிடையில் கணினியையே முழுதாக நம்பலாகாது என்பதற்கு மற்றொரு பாடம் கிட்டியது. 2004 ஏப்ரல் 20 அன்று எம்ஆர்டி வட்டப் பாதைக்காக நிக்கல் நெடுஞ்சாலையருகே ஆழமாகத் தோண்டிய பள்ளம் சரிந்தது. நால்வர் இறந்தனர், அவர்களுள் தமிழர் ஒருவரும் இருந்தார். அங்கே கணக்கிட்டது கணினிதான். மென்களிமண்ணின் வலிமையை மென்பொருளில் உட்செலுத்திய முறை தவறானதால், மண் உண்மையைவிட உறுதியானதாகத் திரையில் தோன்றியது. தாங்குசட்டங்களின் இணைப்பும் வலுக்குறைவாக அமைந்தது. சுவர் வளைவதை அளவுகருவிகள் காட்டின. காட்டிய எண்கள் எல்லையைத் தாண்டியபோது எல்லையே உயர்த்தப்பட்டது. சரிவு நேர்ந்த நாளின் காலையில் உருக்குச் சட்டங்கள் அதிரும் ஓசையைத் தளத்திலிருந்த தொழிலாளர் கேட்டனர். 1986இல் எண் விடுபட்டது. 2004இல் எண் இருந்தும் அதன் சொல் கேட்கப்படவில்லை. முன்னதைக் காட்டிலும் பின்னது கடுமையான குற்றமென்று கருத இடமுண்டு.

2010இல் கட்டட, கட்டுமான ஆணையம் தகவல் மாதிரியைப் பரப்பும் திட்டத்தை வகுத்தது. 2012இல் அதற்கான வழிகாட்டி நூல் வெளிவந்தது. 2013இல் அது திருத்தம் பெற்றது. அவ்வழிகாட்டியைப் படங்கள் வரையும் முறை நூல் என எண்ணுவது பிழை. பெரும்பகுதி பொறுப்பைப் பற்றியது: எந்த உறுப்பை யார் பதிவார், எந்தக் கட்டத்தில் எவ்வளவு நுணுக்கம் வேண்டும், யாருக்கு எப்போது ஒப்படைப்பார், கட்டி முடித்தபின் உள்ளது உள்ளவாறு திருத்திய மாதிரியை யார் தருவார் என்பன. பணி தொடங்குமுன்னே எல்லாத் தரப்பினரும் கூடி இவற்றை எழுதி ஒப்புக்கொள்ள வேண்டும். கணினிக் காலத்துப் புதுமையில் மிகப் பழமையான கூறு இந்த உடன்படிக்கையே.

சட்டமும் தொடர்ந்தது. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு 2013 சூலை முதல் கட்டடக்கலை மாதிரியும், 2014 சூலை முதல் பொறியியல் மாதிரியும் அளிக்க வேண்டும் என்றாயிற்று. 2015 சூலை முதல் அந்த வரம்பு 5,000 சதுர மீட்டராகக் குறைந்தது. 2023 டிசம்பரில் தொடங்கிய கோர்நெட் எக்ஸ் முறையில், பல துறைகளும் தனித்தனியே அன்றி ஒரே மாதிரியைப் பார்த்து ஒருங்கே விடையளிக்கும் வழி திறந்தது.

எஞ்சிய குறை ஒன்றுண்டு. மாதிரியைப் பதிவோர் அலுவலகத்தில் இருக்கின்றனர்; மாற்றத்தை முதலில் அறிவோர் தளத்தில் இருக்கின்றனர். கம்பி கட்டும் இடத்தில் குழாய் குறுக்கிட்டால் அதைத் தள்ளி வைப்பவர் தமிழகத்திலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்த தொழிலாளர். பாதுகாப்புப் பயிற்சி அவருக்குத் தமிழில் கிடைக்கிறது. வரைபடமோ ஆங்கிலத்தில் வருகிறது. அவர் செய்த மாற்றம் மேற்பார்வையாளர் வாய்வழியே அலுவலகம் சென்று பதியப்பட்டால்தான் ‘உள்ளது உள்ளவாறு’ என்னும் பெயர் பொருந்தும். பதியப்படாவிட்டால், திரையில் வழவழப்பாகச் சுழலும் மாதிரி, ஜாக்சன் வரைந்த நேர்த்தெருக்களைப் போல, ஆகியிருக்க வேண்டியதைக் காட்டுமேயன்றி உள்ளதைக் காட்டாது.

நீடித்து நிற்பது பற்றிய கவலையும் இருக்கிறது. 1884ஆம் ஆண்டின் வரைபடத்தைப் படிக்கக் கண்ணும் வெளிச்சமும் போதும். 1980களில் காந்த வட்டில் சேமித்த படத்தைப் படிக்க அவ்வட்டுக்குரிய கருவி வேண்டும்; அக்கருவி இன்று அரும்பொருள். ஒரு நிறுவனத்தின் மென்பொருளோடு மாதிரியும் மறைந்துவிடலாகாது என்பதற்காகவே, 1990களின் நடுவிலிருந்து ஐ.எஃப்.சி. என்னும் பொது வடிவம் உருவாக்கப்பட்டு, 2013இல் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டது. கோர்நெட் எக்ஸ் கேட்பதும் அவ்வடிவத்தைச் சார்ந்த கோப்பையே.

பொதுவாக வழங்கும் ஐ.எஃப்.சி. கோப்பைச் சாதாரண எழுத்துச் செயலியில் திறந்தால் படம் எதுவும் தெரியாது, வரிகளே தெரியும். ஒவ்வொரு சுவருக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண். தூணுக்கும் கதவுக்கும் அவ்வாறே. சுவரின் பொருள் என்ன என்பது மற்றொரு வரியில் இருக்கும். இரண்டையும் இணைக்கும் வரி வேறோரிடத்தில் இருக்கும். மக்னேர் சுண்ணத்தின் செய்முறையை உரைநடையில் எழுதி வைத்தார். அவர் காலத்துக்குப் பின் கோடாகவும் படமாகவும் இருந்த கட்டடம் இப்போது மீண்டும் எழுத்தாகியிருக்கிறது. அக்கோப்பின் அடிப்படை எழுத்துகள் ஆங்கிலத்துக்குரியன. எனினும் சுவரின் பெயரைத் தமிழில் எழுத விரும்பினால் அதற்குத் தடையில்லை. ஒவ்வோர் எழுத்தும் தன் ஒருங்குறி எண்ணாக அவ்வரியில் அமர்ந்து, படிக்கும் கணினியில் மீண்டும் தமிழாக விரியும்.